நீக்கிலாஸ் மாஸ்ரரின் முதலாம் வகுப்பு

நீக்கிலாஸ் ஒருநாளும் மாஸ்ரராக இருந்ததில்லை. சொந்த ஊரான இளவாலையில் கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞராக இருந்தார். ஒரு மழைக்காலம் முழுக்கக் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் அயலட்டைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மழை விட்டதும் பிள்ளைகளும் விட்டுவிட்டார்கள். மாஸ்ரர் என்ற பெயர் மட்டும் விடவில்லை. கனடாவுக்கு வரும்போது அதையும் பத்திரமாகக் கொண்டுவந்தார். ஸ்காபரோவில் யாராவது அவரை 'நீக்கிலாஸ் அண்ணை' என்று கூப்பிட்டால், காது கேளாதவர்போலக் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் திரும்புவார்.

அவருடைய மனைவி றீற்றா 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுவாள். அவள் வாயிலிருந்து 'மாஸ்ரர்' வந்தால் வீட்டில் சண்டை தொடங்குகிறது என்று அர்த்தம்.

ஒரே பிள்ளை. நிரோஷினி, ஆறு வயது. டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் வீடு. பல்கனியில் நின்றால், கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால் அவளுடைய பள்ளிக்கூட முற்றம் தெரியும். நீக்கிலாஸ் பின்னேரம் தொடங்கி ஒரு கந்தோர்க் கட்டடத்தில் காவல் வேலை பார்த்தார். றீற்றா விடிய எழும்பி பிஸ்கற் பக்ரறிக்குப் போய்ப் பின்னேரம் வீடு திரும்புவாள். ஆகவே பகலில் வீட்டை ஆண்டவர் நீக்கிலாஸ். கெடுதல் அங்கேதான் முளைத்தது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, கார்த்திகை மாதம், வகுப்பு ஆசிரியை மிஸ் டொலன் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தாள். பெரிய மீசையோடும் நிறை மாதக்காரிபோல வயிறு தள்ளிய ஜக்கெற்றோடும் நீக்கிலாஸ் ஒரு சின்னக் கதிரையில் அடங்கி உட்கார்ந்தார். முழங்கால் முகவாய் நாடியைத் தொட்டது. அப்படியிருந்தும் கம்பீரமாகத்தான் கேட்டார்:

"இவள் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?"

இங்கே பிள்ளைகளை அப்படி வரிசைப்படுத்துவதில்லை என்று மிஸ் டொலன் சொன்னாள்.

"பரவாயில்லை, எனக்கு மட்டும் சொல்லுங்கள். நான் வெளியில் சொல்லமாட்டேன்."

அவள் அதைப் பகிடி என்று எடுத்துச் சிரித்தாள். நிரோஷினி சந்தோஷமான பிள்ளை, சின்னக் கதைப் புத்தகங்களைத் தானாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டாள் என்றாள். போன மாதம் வகுப்பில் பூசணிக்காய் வெட்டிக் கொட்டைகளைப் பத்துப்பத்தாகக் குவித்து எண்ணினார்களாம். முதலில் எண்ணி முடித்தது நிரோஷினிதானாம். சொல்லிவிட்டு, அவள் கீறிய பூசணிக்காய்ப் படத்தையும் கையில் கொடுத்து அனுப்பினாள்.

வழி முழுக்க நீக்கிலாஸ் பொரிந்துகொண்டே வந்தார்.

"சந்தோசமான பிள்ளையாம்! நான் கேட்டனானே அவள் அழுகிறாளோ எண்டு?"

"மனுசி நல்லதாய்த்தானே சொன்னவ."

"பூசணிக்கொட்டை எண்ணவோ நான் கனடாவுக்கு வந்தனான்?"

"ஷெல்லுக்குப் பயந்து வந்தனீங்கள். பள்ளிக்கூடம் பாத்தே வந்தனீங்கள்?"

அவள் சொன்னது உண்மை. ஆனால் நீக்கிலாசுக்கு உண்மை பிடிக்காது. அவருக்குப் பிடித்தது வரிசை. ஐந்தாம் வகுப்பில் தான் மூன்றாம் பிள்ளையாக வந்ததை நாற்பத்தைந்து வயதிலும் கலியாண வீடுகளில் சொல்லுவார். முதலாம் பிள்ளை இப்போது எங்கே, இரண்டாம் பிள்ளை என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், இருவருமே ஊரில் அவரைப்போலத்தான் கடை கண்ணியில் நின்றார்கள் என்பதை அவர் சொல்லவேண்டி வந்திருக்கும்.

அந்தக் கிழமையே இன்னொரு இடி விழுந்தது. றீற்றாவின் தங்கை அன்ரனெற்றின் புருஷன் சீமோன் ரெலிபோன் எடுத்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் தன்னுடைய மகன் மரியோவைக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான விசேஷ சோதனைக்குப் பள்ளிக்கூடம் தெரிந்தெடுத்திருக்கிறது என்றான். நீக்கிலாஸ் "நல்லது, நல்லது" என்று சொல்லி ரெலிபோனை வைத்தார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. சீமோன் வீட்டில் ஒன்று இருந்தபடியால் இங்கேயும் இருந்தது. ரெலிபோன் வயரைக் கழற்றி அதில் கொழுவினால் அது கீச்சிட்டு இருமி இன்ரநெற்றைப் பிடிக்கும். பிடித்திருக்கும் மட்டும் வீட்டுக்கு ஒருவரும் ரெலிபோன் எடுக்க முடியாது. அந்தச் சனிக்கிழமை காலை முழுக்க ஒருவரும் எடுக்க முடியவில்லை. மத்தியானம் அறைக்குள்ளிருந்து கத்தல் கேட்டது.

"றீற்றா, இஞ்சை ஓடி வாரும்! முழுக்கக் கிடக்கு! முதலாம் வகுப்பிலையிருந்து எட்டாம் வகுப்பு மட்டும், ஒண்டும் விடாமல் போட்டிருக்கிறாங்கள்!"

"எதை?"

"அவங்கள் என்னத்தைப் படிப்பிக்கப்போறாங்கள் எண்டதை! முன்கூட்டியே!"

மாகாண அரசு பள்ளிக்கூடங்களுக்கான தன் புதிய பாடத்திட்டத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று இன்ரநெற்றில் போட்டிருந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று போட்டதை நீக்கிலாஸ் திருட்டுத்தனமாகப் பார்த்தார். ஊரில் சோதனைக்கு முதல்நாள் வினாத்தாள் கசிந்து கையில் கிடைத்தவனின் முகம் அவருக்கு வந்துவிட்டது.

"எங்கடை சனத்துக்கு உது தெரியாது," என்று குரலைத் தாழ்த்தினார். "வெள்ளைக்காரன் வீட்டிலை இதைப் படிப்பிச்சுப்போட்டுத்தான் பிள்ளையை அனுப்புறான். எங்கடையள் போய்ப் பூசணிக்கொட்டை எண்ணுதுகள்."

பிறின்ரர் அன்றும் மறுநாளும் ஓடியது. மை முடிந்து, புது மை வாங்கி, அதுவும் முடிந்தது. தாள்களை ஓட்டை போட்டுக் கோத்து, பிரவுண் பேப்பரில் உறை போட்டு, மேலே நிரோஷினியின் பெயரையும் எழுதினார். பிள்ளைக்கு வீட்டிலேயே படிப்பிக்கிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் இந்த நாட்டில் போதும். கொடுத்தார். மார்கழியில் வந்த நத்தார் லீவோடு நிரோஷினி பள்ளிக்கூடத்தால் நின்றாள்.

றீற்றா தடுக்காமலில்லை. "உங்களுக்கு இங்கிலீசிலை லைட் பில் வந்தாலே என்னட்டைத்தானே வாசிக்கத் தாறியள்" என்றுகூடக் கேட்டாள். "பில் வேறை, கல்வி வேறை" என்றார் நீக்கிலாஸ். கடிதம் அதற்கு முன்னமே போய்விட்டிருந்தது.

தை மாதத்தின் முதல் வேலை நாள். றீற்றா லிப்ற்றிலிருந்து இறங்கும்போதே குழந்தையின் குரல் நடைபாதையில் கேட்டது. செபமாலை சொல்வதுபோல ஒரே சுருதி.

"ஸ்ருடன்ற்ஸ் வில்..." என்று தொடங்கும். மூச்சுவிடாமல் ஒரு நீளமான ஆங்கில வசனம் ஓடும். நிற்கும். மறுபடி "ஸ்ருடன்ற்ஸ் வில்..."

உள்ளே பிள்ளை சுவரைப் பார்த்தபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. நீக்கிலாஸ் தாளில் விரலை ஓட்டிச் சரி பிழை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்ரநெற்றில் எடுத்தது பாடப்புத்தகம் அல்ல. வகுப்பு முடிவில் மாணவர்கள் என்னென்ன செய்யக்கூடியவர்களாக இருக்கவேண்டும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லும் வழிகாட்டி. அதில் கணக்கு இல்லை, கதை இல்லை, படம் இல்லை. 'மாணவர்கள் இதைச் செய்வார்கள், மாணவர்கள் அதைச் செய்வார்கள்' என்று பக்கம் பக்கமாக இருந்தது. நீக்கிலாஸ் அதை முதல் வரியிலிருந்து பாடமாக்கக் கொடுத்துவிட்டார். தாளில் இருப்பதை மனப்பாடம் பண்ணுவதுதான் படிப்பு. அதற்கு வேறு வழி இருக்கக்கூடும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

'மாணவர்கள் தங்களைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டும் பார்த்தும் நிறத்தாலும் வடிவத்தாலும் பிரிப்பார்கள்' என்று அன்று நிரோஷினி ஒப்பித்தாள். அவளைச் சுற்றி ஒரு பொருளும் இல்லை. கவனம் சிதறக்கூடாதென்று கட்டைகளையும் பொம்மைகளையும் நீக்கிலாஸ் அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தார். 'மாணவர்கள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடி ஒத்துழைக்கப் பழகுவார்கள்' என்று அடுத்த நாள் ஒப்பித்தாள். அதைச் சுவருக்குச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் றீற்றா. "உதிலை கிடக்கிறதைப் பிள்ளை செய்யவெல்லோ வேணும்?"

"முதல் பாடமாக்கட்டும். விளக்கம் பிறகு வரும்."

"எப்ப வரும்?"

"மூண்டாம் வகுப்பிலை."

"அப்பா, வட் இஸ் டெமன்ஸ்ரேற்?" என்றது குழந்தை.

"கேள்வி கேளாதை. 'ஸ்ருடன்ற்ஸ் வில் டெமன்ஸ்ரேற்'. பிறகு?"

மாசி மாதத்துக்குள் நிரோஷினி கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். கதைப் புத்தகங்களையும் விட்டாள். அவை தாளில் இல்லை. முற்றத்தில் பிள்ளைகள் பனிக்குள் உருளும் நேரம் பல்கனிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். கண்ணாடியில் மூக்கு வட்டம் வட்டமாகப் பதிந்திருக்கும். அதையெல்லாம் றீற்றா பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் "பிள்ளை, பசிக்குதே?" என்று கேட்டாள். பிள்ளை முதலில் திரும்பித் தகப்பனின் முகத்தைப் பார்த்தது. சரியான பதில் எது என்று அங்கே தேடியது.

அன்றைக்குத்தான் றீற்றா பயந்தாள். இப்படியே இன்னொரு வருஷம் போனால் இந்தப் பிள்ளைக்குத் தன் பசியும் தெரியாமற் போய்விடும். எப்படியாவது இவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும். ஆனால் மாஸ்ரரிடமிருந்து மாணவியைப் பறிப்பது லேசா? ஊரில் அவரிடமிருந்து ஓடிய பிள்ளைகளுக்கு மழை விட்டது உதவியது. இங்கே ஒன்பதாம் மாடி.

வழியை நீக்கிலாசே திறந்து விட்டார்.

பங்குனியில் மரியோவின் பிறந்தநாள். சீமோன் பார்ட்டி ஹோல் வாடகைக்கு எடுத்து, பலூன் கட்டி, பாதி ஸ்காபரோவைக் கூப்பிட்டிருந்தான். மகனின் விசேஷ சோதனை முடிவு வருமுன்னமே அதைக் கொண்டாடுகிற அவசரம் அவனுக்கு. கேக் வெட்டி முடிந்ததும் நீக்கிலாஸ் நிரோஷினியை ஒரு கதிரையில் ஏற்றி நிறுத்தினார்.

"எல்லாரும் ஒருக்கா அமைதியாய் இருங்கோ. எங்கடை பிள்ளை ஒண்டு சொல்லப்போறா."

பிள்ளை கைகளைப் பின்னால் கட்டியது. விஞ்ஞானப் பகுதியைத் தொடங்கியது. உயிருள்ளவற்றின் இயல்புகளையும் தேவைகளையும் மாணவர்கள் எப்படி எப்படி ஆராய்வார்கள் என்று, திக்காமல், பூரணமான கனடிய உச்சரிப்பில், தட்டில் இருந்த றோல்ஸ் ஆறிப்போகும் மட்டும் சொன்னது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபடியால் ஹோல் முழுக்க மலைத்துப்போயிற்று. முடிந்ததும் எழுந்த கைதட்டலில் ஒரு பலூன் வெடித்தது.

"செய்தி வாசிக்கிறவள் தோத்துப்போவாள்!" என்றார் ஒரு அங்கிள்.

"என்ன வயசு? ஆறோ? கடவுளே!" என்றாள் பக்கத்திலிருந்த அன்ரி. தன் மகனின் தலையில் குட்டினாள். அவன் வாய் நிறையக் கேக்கோடு ஏன் என்று தெரியாமல் பார்த்தான்.

மரியோ மட்டும் தாயின் சேலையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, தற்ஸ் நொற் ஈவின் எ பொயம். உது ரீச்சர் செய்யவேண்டிய வேலை."

"பொறாமைப்படாதை," என்றாள் அன்ரனெற்.

சீமோன் ஒரு தட்டில் கேக்கோடு நீக்கிலாசிடம் வந்தான். "அண்ணை, உந்தப் பேப்பருகளை எனக்கும் ஒருக்காத் தாறியளே?"

"அதுகள் எல்லாருக்கும் விளங்காது, சீமோன்," என்றார் நீக்கிலாஸ். கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு, எல்லாரும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "வாற மாதம் இவளை நேரே மூண்டாம் வகுப்பிலை விடப்போறன். பள்ளிக்கூடம் சோதிச்சுப் பாக்கட்டும்!"

றீற்றா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது, தூங்கிவிட்ட குழந்தை மடியில் கிடக்க, மெல்லச் சொன்னாள்.

"நீங்கள் சொன்னது சரி. கூட்டிக்கொண்டு போவம். மூண்டாம் வகுப்பிலை எடுத்தால் நான் இனி வாய் திறக்கமாட்டன். எடுக்காட்டில் பிள்ளை பழைய வகுப்புக்குப் போகும். நீங்கள் வாய் திறக்கக்கூடாது."

"சரி," என்றார் நீக்கிலாஸ். யோசிக்கவேயில்லை. பாதி ஸ்காபரோ கைதட்டிய பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

சித்திரையில் ஒருநாள் பள்ளி விட்ட பிறகு மிஸ் டொலன் அவர்களைத் தன்னுடைய வகுப்பறைக்கே கூப்பிட்டாள். அதே சின்னக் கதிரைகள். றீற்றா உள்ளுக்குள் செபம் சொன்னாள். பிள்ளை தோற்கவேண்டும் என்று மன்றாடும் தாய் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

மிஸ் டொலன் ஒரு கிண்ணத்திலிருந்து சின்னச் சிப்பிகளை மேசையில் கொட்டினாள். "நிரோஷினி, இதில் எத்தனை இருக்கென்று எனக்குச் சொல்வாயா?"

நிரோஷினி நிமிர்ந்து நின்றாள். கைகள் பின்னால் போயின. தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"ஸ்ருடன்ற்ஸ் வில்," என்று தொடங்கினாள். மாணவர்கள் ஒன்றொன்றாகவும் இரண்டிரண்டாகவும் ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் நூறு மட்டும் எண்ணுவார்கள் என்று தெள்ளத் தெளிவாகச் சொல்லி முடித்தாள்.

மிஸ் டொலனின் புருவம் உயர்ந்தது. "அழகாகச் சொன்னாய். இப்போது எண்ணு."

குழந்தை தகப்பனைப் பார்த்தது. அவர் தலையை ஆட்டினார். குழந்தை தாளின் அடுத்த பந்தியைச் சொன்னது.

மிஸ் டொலன் எழுந்துபோய்ப் புத்தகத் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். புரட்டினாள். பிள்ளை சொன்ன வரிகள் சொல்லுக்குச் சொல் அதில் இருந்தன. நீக்கிலாஸ் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் கதிரையோடு எழும்பினார். கதிரை அவரோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

"பாருங்கள்! நீங்கள் புத்தகம் பார்க்கிறீர்கள்! என் மகள் பாராமல் சொல்கிறாள்!"

இது பிள்ளைகளுக்கான புத்தகம் அல்ல, பிள்ளைகளோடு நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்குச் சொல்கிற புத்தகம் என்று மிஸ் டொலன் பொறுமையாக விளக்கினாள். நீக்கிலாசின் முகம் ஒரு கணம் சுருங்கிற்று. றீற்றா அதைக் கண்டாள். விளங்கிவிட்டது என்று நினைத்தாள். ஆனால் விளங்கியதை ஒத்துக்கொள்ளும் பழக்கம் அந்த முகத்துக்கு இல்லை. அது உடனே விரிந்தது.

"அப்படியென்றால் ரீச்சர்மாரின் படிப்பையே அவள் முடித்துவிட்டாள். உங்களுக்கே அது பாடமில்லை. மூன்றாம் வகுப்பு அவளுக்குக் காணாது. நாலாம் வகுப்பில் விடுங்கள்."

குழந்தை சொன்ன வரிகளையே மறுபடி முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. எந்த வரியில் பிழை விட்டோம் என்று அது தேடிக்கொண்டிருந்தது.

"மாஸ்ரர்," என்றாள் றீற்றா.

நீக்கிலாஸ் திடுக்கிட்டுத் திரும்பினார். வெளியாட்களுக்கு முன்னால் அவள் அப்படிக் கூப்பிட்டதேயில்லை.

"மாஸ்ரர், நீங்கள் ஒருக்கா வெளியிலை நிக்கிறியளே?"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பாதி ஸ்காபரோவின் கைதட்டலும் அவரைக் காப்பாற்றவில்லை. போனார். கதவு சாத்திக்கொண்டது. றீற்றா பிள்ளையின் முன்னால் குந்தினாள். பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து முன்னால் கொண்டுவந்தாள்.

"அப்பா வெளியிலை. ஒண்டும் சொல்லவேண்டாம். தொட்டு எண்ணு."

"தொடலாமா?"

"அதுக்குத்தானே கொட்டி வைச்சிருக்கு."

நிரோஷினி ஒரு விரலால் ஒரு சிப்பியைத் தள்ளினாள். யாரும் ஏசவில்லை. இன்னொன்றைத் தள்ளினாள். பிறகு வேகம் வந்தது. பூசணிக்கொட்டைகளைக் குவித்ததுபோலப் பத்துப்பத்தாகக் குவித்தாள். ஒரு குவியலில் ஒன்று கூடிவிட்டது. தானே கண்டுபிடித்து எடுத்து அடுத்ததில் போட்டாள். "மிஸ், இதிலை ஒண்டுக்கு ஓட்டை" என்றாள். மாசிக்குப் பிறகு, தாளில் இல்லாத ஒன்றை அவள் தானாகக் கண்டு சொன்னது அதுவே முதல்தடவை.

திங்கட்கிழமை நிரோஷினி பழைய வகுப்புக்குப் போனாள்.

நீக்கிலாஸ் வாக்குத் தவறவில்லை. வீட்டில் வாய் திறக்கவில்லை. கோயில் வாசலில்தான் திறந்தார். "பள்ளிக்கூடத்தாலை கெஞ்சிக் கேட்டவை. மற்றப் பிள்ளையளுக்கு ஒரு முன்மாதிரியாய் இருக்கட்டாம்" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களிடம் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். நம்பாமல் விட்டால் தாங்கள் கைதட்டியதற்கு என்ன கணக்கு?

இரண்டு கிழமை கழித்து, நீக்கிலாஸ் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சீமோன் வந்தான். சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்டான்.

"அக்கா, அண்ணையின்ரை அந்தப் பேப்பருகள் இருக்கே? மரியோ அந்தச் சோதினையிலை எடுபடேல்லை. ஒருக்காக் கொப்பி அடிச்சுப்போட்டுத் தாறன்."

தாள்கள் குசினி மேசையில் இருந்தன. பிரவுண் பேப்பர் உறை போய்விட்டது. முன்பக்கமெல்லாம் மாணவர்கள் வழக்கம்போலச் செய்வார்கள், ஆராய்வார்கள், பிரிப்பார்கள். பின்பக்கத்தில் நிரோஷினி கலர்ப் பென்சிலால் படம் கீறியிருந்தாள். பூசணிக்காய், சிப்பி, மூக்கு வட்டம் பதிந்த ஒரு கண்ணாடி, மீசை வைத்த ஒரு பூசணிக்காய்.

றீற்றா கட்டாக எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "முன்பக்கத்தை விட்டாலும் பின்பக்கத்தை விடாதேங்கோ, சீமோன். முக்கியமானது எல்லாம் அங்கைதான் கிடக்கு."

சீமோன் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, பெரிய இரகசியத்தைப் பொறுப்பெடுத்தவன்போலத் தலையாட்டி, ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த சனிக்கிழமை அன்ரனெற் ரெலிபோன் எடுத்தாள். இன்ரநெற் ஓடாதபடியால் இப்போது லைன் கிடைத்தது.

"அக்கா, மரியோ அழுதுகொண்டு நிக்கிறான். அந்த மீசை வைச்ச பூசணிக்காயையும் பாடமாக்கவேணுமோ எண்டு அத்தானிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லுறியே?"